இன்னொரு கை

எங்கள் வீட்டு முன்னறையில், திருஇருதய ஆண்டவர் படத்திற்குக் கீழே, மூடியில்லாத ஒரு பழைய பெட்டி இருக்கிறது. ஆப்பிள் பழங்கள் வந்திறங்கும் மெல்லிய பலகைப் பெட்டிதான். அதன் இரு பக்கப் பலகைகளிலும் மேல்விளிம்பில் கவைபோல் ஒரு வெட்டு இருக்கும். வெட்டின் உட்புறத்தில் சிவப்பு வெல்வெட்டுத் துணி ஒட்டப்பட்டிருக்கும். பெட்டிக்குள் ஓர் ஆணியில் நூற்கண்டும், நடுப்பலகையில் தையல் இயந்திரத்திலிருந்து கழற்றிய நூலிறுக்கும் தட்டும் இருக்கும். வீட்டிற்கு வருவோர், கிறிஸ்து பிறப்புக் குடிலுக்காகச் செய்ததோ என்று கேட்பார்கள். "தூண்டிற்கோல் கட்டும் பெட்டி" என்றால் சிரித்துவிடுவார்கள். மழையை நம்பி வாழும் சிவகங்கைச் சீமையில் தூண்டிற்கோல் கட்டுவதற்கென்று ஒரு பெட்டியா என்பது அவர்கள் சிரிப்பின் பொருள்.

அவர்கள் சிரிப்பதில் தவறில்லை. எங்கள் நாட்டரசன்கோட்டையைக் கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலால் அறிவார்கள். கம்பரின் சமாதியால் அறிவார்கள். நகரத்தார் கட்டிய நெடிய வீடுகளால் அறிவார்கள். மீனால் எங்களை அறிந்தவர் எவருமில்லை. ஆயினும் வடகிழக்குப் பருவமழை பொய்க்காத ஆண்டுகளில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இப்பகுதிக் கண்மாய்கள் நிறையும். தை, மாசி வரை கெண்டையும் கெளுத்தியும் விராலும் அவற்றில் வளரும். கோடையில் நீர் வற்றும்போது ஊர் கூடிக் கண்மாயில் இறங்கி, ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக மீன்பிடித் திருவிழா நடத்தும் ஊர்கள் இந்த மாவட்டத்தில் பல உண்டு. அது ஆரவாரமான அறுவடை. அதற்கு முந்திய மாதங்களில் கரையோரத்தில் ஒரு கோலுடன் தனியே அமர்ந்திருக்கும் மனிதரை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. என் தந்தையார் அத்தகைய மனிதர்.

அவர் தையற்காரர். ரவிக்கைகளும் பள்ளிச் சீருடைகளும், திருமண வீடுகளுக்குத் தலையணை உறைகளும் தைத்து எங்கள் நால்வரையும் வளர்த்தார். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சுத்தபோசனம். இறைச்சி ஆகாது, மீன் ஆகும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. ஆனால் சந்தையில் மீன் வாங்கக் காசு வேண்டுமே! ஆகவே வியாழன் மாலையில் இயந்திரத்திற்கு உறை போட்டுவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டு அப்பா புறப்படுவார். கண்மாயின் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரைக் கண்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கரையில் அமர்வார். நான்கு கெண்டைகள் கிடைத்த நாளும் உண்டு. மண்புழுவை மட்டும் இழந்து திரும்பிய நாளும் உண்டு. வெறுங்கையோடு வந்த நாள்களில் அம்மா புளிக்குழம்பு வைப்பார்கள். "இன்றைக்கு மீனுக்கும் ஒருசந்தி" என்று அப்பா சொல்வார்.

கோல்களை அவரே செய்தார். அதைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உள்ளே துளையற்றுக் கெட்டியாக வளரும் கல்மூங்கிலைத்தான் அவர் தேடுவார். தேய்பிறையில் வெட்டியது வேண்டும் என்பார். வெட்டிய கழிகளைக் கண்மாய் நீரில் சில வாரம் ஊறப்போடுவார். மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச் சத்தைத்தான் வண்டு தேடி வருகிறது. ஊறினால் அது கரைந்து போகும், கழி உளுத்துப் போகாது. பிறகு நிழலில், அடியில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு மாதக் கணக்கில் உலர்த்துவார். வெயிலில் காய்ந்தால் மூங்கில் வெடிக்கும். உலர்ந்த கழியின் கோணலை நிமிர்த்துவது கடைசி வேலை. கணுவில் எண்ணெய் தடவிக் கரி நெருப்பின்மேல் காட்டிக்கொண்டே இருப்பார். கணு வியர்ப்பதுபோல் மினுங்கும் நேரம் பார்த்து, முழங்காலில் வைத்து மெல்ல வளைத்து, ஈரத்துணியால் சுற்றி, ஆறும்வரை பிடித்திருப்பார். நெருப்பு மிகுந்தால் மூங்கில் கரியும். குறைந்தால் மறுநாள் பழைய கோணலுக்கே திரும்பும். பிள்ளைகளையும் அவர் அப்படித்தான் வளர்த்தார் என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் எங்களிடம் அவர் நெருப்பைச் சற்றுக் குறைத்தே காட்டினார்.

தக்கைக்கு மயிலிறகின் தண்டு. கனத்திற்கு ஈயத் துண்டு. நரம்பு ஓடும் வளையங்களுக்கு அவர் கண்ட உபாயம் தையற்காரருக்கே உரியது. ஊக்கின் அடியில் கம்பி ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும் அல்லவா? அந்தச் சுற்றே வளையம். ஊக்கை விரித்து, தலையை வெட்டியெறிந்து, இரு கால்களையும் சுத்தியலால் தட்டையாக்கிக் கோலின்மேல் வைத்து நூலால் கட்டிவிடுவார். காசு செலவில்லை. அப்படி அவர் செய்த மூன்று கோல்கள் எங்கள் ஓட்டு வீட்டின் பரணில் இருந்தன.

2009ஆம் ஆண்டு ஓட்டு வீட்டைப் பிரித்து, கடன் வாங்கி, மச்சு வீடு கட்டினேன். அப்போது அப்பா என் தங்கை வீட்டில் இருந்தார். பரணிலிருந்து இறங்கியவற்றுள் எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒரே நாளில் முடிவு செய்தேன். மூன்று கோல்களையும் பக்கத்துத் தெருவில் ஒருவர் கேட்டார், கொடுத்துவிட்டேன். அப்பா திரும்பி வந்து கோல்கள் எங்கே என்று கேட்டபோது, "கரையான் அரித்துவிட்டது, அப்பா" என்றேன். கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அவர் "அப்படியா" என்றார். அதன்பின் அவர் கோல் செய்யவில்லை. வயதாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

2018இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார், பேச்சும் மெல்லத் திரும்பியது, இடக்கை மட்டும் திரும்பவில்லை. தையற்காரருக்கு ஒரு கை போனால் தொழிலே போயிற்று. இயந்திரத்தின் அருகில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, அதன் சக்கரத்தை வலக்கையால் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். நான், "சும்மா இருங்கள் அப்பா, வேளாவேளைக்குச் சாப்பிட்டால் போதும்" என்பேன். அதை அன்பு என்றே எண்ணியிருந்தேன். உழைத்த ஒருவரிடம் இனி உம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று நாள்தோறும் சொல்வது எத்தகைய அன்பு என்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் ஊர் அடங்கியது. பள்ளிக்கூடமும் மூடியது; ஆலயமும் மூடியது. ஏப்ரல் 12ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவைக் கூட வீட்டுக்குள்தான் கொண்டாடினோம். அப்போது என் மகனுக்கு வயது பன்னிரண்டு. பொழுது போகாமல் தாத்தாவின் பழங்கதைகளைக் கிளறிக்கொண்டிருந்தவன் ஒருநாள் கேட்டான்: "ஐயா, எனக்கு ஒரு தூண்டில் செய்து கொடுங்களேன்." அப்பா தம் இடக்கையைக் காட்டினார். "கட்டுவதற்கு இரண்டு கை வேண்டும், தம்பி." பையன் விடவில்லை. "ஒரு கை கோலைப் பிடிக்கத்தானே? அதை ஏதாவது ஒன்றில் வைத்துவிட்டால்?" என்றான்.

அப்பா அன்று முழுவதும் பேசவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, பழக்கடையில் ஒரு பெட்டி கேட்டு வாங்கி வரச் சொன்னார். எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு ஆழம் என்று சுண்ணக்கட்டியால் கோடிட்டுக் காட்டினார். கோலின் மேனி தேயாமல் இருக்க வெட்டுவாயில் வெல்வெட்டு ஒட்டச் செய்தார். நூல் தளர்ந்தால் கட்டு நிற்காது. அதை இறுக்கிப் பிடிக்க ஒன்று வேண்டுமே என்று நான் தயங்கியபோது, தம் இயந்திரத்தைச் சுட்டிக் காட்டினார். "அதிலிருக்கும் இறுக்குத் தட்டைக் கழற்று" என்றார். நாற்பது ஆண்டுகள் எங்களுக்குச் சோறு போட்ட இயந்திரம் அது. நான் திருப்புளியோடு நின்றேன். "கழற்றடா. முழுவதும் தூங்குவதற்கு அதில் ஓர் உறுப்பாவது வேலை செய்யட்டும்" என்றார். எந்தத் திருகை முதலில் இளக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

மூங்கிலுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டு திருமணங்கள் சுருங்கிவிட்டதால் பந்தல்காரரின் கழிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. நன்கு உலர்ந்த கழிகள். மெல்லியவற்றுள் மூன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஊக்குகள் துருப்பிடிக்கும் என்று இம்முறை துருவேறாத கம்பியை ஆணியில் சுற்றி வளையங்கள் செய்தோம். பெட்டிக்கும் கம்பிக்கும் பசைக்கும் ஆன மொத்தச் செலவு முந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

ஒவ்வொரு கோலுக்கும் ஒரு முகம் உண்டு என்பது அப்பாவின் பாடம். அடியைத் தரையில் ஊன்றி, நுனியைத் தாங்கி, நடுவே மெல்ல அழுத்தி உருட்டினால், கோல் தானாகவே ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். எந்தப் பக்கம் வளைய அது விரும்புகிறது என்று அறிந்து, அந்தக் கோட்டில்தான் வளையங்களை வைக்க வேண்டும். எதிராக வைத்தால் மீன் இழுக்கும்போது கோல் கைக்குள் திருகும். நுனி மிகுதியாக வளைவதால் அங்கே வளையங்கள் நெருங்கியும், அடியை நோக்கி வர வர விலகியும் இருக்க வேண்டும். நான்கு விரற்கடையில் தொடங்கி ஒரு சாண் வரை அவர் கணக்குப் போட்டார்.

பிறகு கட்டத் தொடங்கினார். கோல் பெட்டியின் இரு கவைகளிலும் கிடந்தது. நூலின் தலைப்பை ஒட்டுத்தாளால் கோலில் நிறுத்திவிட்டு, வலக்கையின் உள்ளங்கையால் கோலைத் தம்மை நோக்கி உருட்டினார். தட்டின் இறுக்கத்தில் விறைத்து நின்ற நூல், இழைக்கு இழை ஒட்டி, வளையத்தின் கால்மேல் ஏறிப் படிந்தது. முதல் ஆறு சுற்றுகள் தன் தலைப்பைத் தானே மூடிக்கொண்டன. இடைவெளி தெரிந்த இடத்தில் நகத்தால் தள்ளி நெருக்கினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் முகத்தில் வேலை செய்கிற ஒருவரின் கடுகடுப்பைக் கண்டேன். அதைக் கண்டு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது.

கட்டை முடிக்கும் முறைதான் நுட்பமானது. இன்னும் பத்துச் சுற்றுகள் இருக்கும்போது, இரட்டித்த நூல் ஒன்றைக் கண்ணிபோல் கோலின்மேல் கிடத்தி, அதன்மேல் மிஞ்சிய சுற்றுகளைச் சுற்ற வேண்டும். பிறகு நூலை வெட்டி, அதன் முனையைக் கண்ணிக்குள் நுழைத்து, கண்ணியை இழுத்தால், முனை தன் சுற்றுகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். முடிச்சே தெரியாது. ஆனால் வெட்டும்போது கட்டு அவிழாமல் ஒருவர் கட்டைவிரலால் அழுத்தியிருக்க வேண்டும். அதே நேரத்தில் வெட்டவும் நுழைக்கவும் இழுக்கவும் வேண்டும். எந்தப் பெட்டியும் எந்தத் தட்டும் இதைச் செய்து தராது. அப்பா கட்டைவிரலை அழுத்தியபடி நிமிர்ந்து பார்த்தார். "இதற்கு மட்டும் இன்னொரு கை வேண்டும்" என்றார். என் மகன் கத்தரிக்கோலை எடுத்தான்.

கட்டிய நூலின்மேல் இரு குழாய்களில் வரும் பசையைச் சம அளவு குழைத்துப் பூச வேண்டும். பூசியதும் விட்டுவிட்டால் அது அடிப்பக்கம் வழிந்து துளிதுளியாக நின்றுவிடும். இறுகத் தொடங்கும்வரை கோலைச் சீராகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் இதற்குச் சிறு மோட்டார் வைத்துக்கொள்கிறார்கள். எங்களிடம் செபமாலை இருந்தது. ஒரு பத்துமணிக்கு ஒரு கால் சுற்று என்று அப்பா வகுத்தார். மகிழ்ச்சி, துயர், மகிமை ஆகியவற்றோடு, 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளியின் மறையுண்மைகளையும் அன்றிரவு சொல்லி முடித்தோம். இருபது பத்துமணி, இருபது திருப்பு. செபத்தில் பராக்கு வரலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கோலைத் திருப்ப வேண்டும் என்ற கவனத்தால், வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பத்துமணியையும் எண்ணிக்கை தவறாமல் சொன்னேன்.

துயர் மறையுண்மைகள் முடிந்தபோது பையன் உறங்கிவிட்டான். நான் அப்பாவிடம் சொன்னேன்: "அப்பா, அந்த மூன்று கோல்களைக் கரையான் அரிக்கவில்லை. நான்தான் கொடுத்துவிட்டேன்."

அவர் கோலைக் கால் சுற்றுத் திருப்பினார். "தெரியும். அடுத்த மாதமே பார்த்தேன். மூன்றையும் பாகற்கொடிக்கு ஊன்றியிருந்தார்கள். நன்றாகக் காய்த்தது. அவர்கள் கொடுத்தனுப்பிய காயைத்தான் நீயும் தின்றாய்."

"ஏன் அப்பா கேட்கவில்லை?"

"நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன்."

பதினோர் ஆண்டுகள் இருந்திருக்கிறார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவானவருக்கு முன்னால் எத்தனையோ முறை முழந்தாளிட்டிருக்கிறேன். இதைச் சொல்லத் தோன்றியதே இல்லை. இது பாவம் என்ற கணக்கிலேயே வரவில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொன்ன பிறகுதான் அதன் எடை எனக்குத் தெரிந்தது. அப்பா அடுத்த மறையுண்மையைத் தொடங்கினார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கோலை வீட்டிலேயே செய்துகொள்ளும் இவ்வழக்கம் எங்களோடு தோன்றியதன்று என்று பின்னாளில் படித்தறிந்தேன். 1496ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று உண்டு. அதை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னியர் மடத் தலைவி என்பது வழிவழியாக வரும் செய்தி. மிக்கேல் அதிதூதர் திருநாளான செப்டம்பர் 29க்கும், ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த திருநாளான பிப்ரவரி 2க்கும் இடையில் கம்பை வெட்ட வேண்டும் என்றும், சூடான அடுப்பில் வைத்து நிமிர்த்த வேண்டும் என்றும், பிறகு உலரவிட வேண்டும் என்றும் அந்நூல் கற்பிக்கிறது. அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டியபோது, "அந்த அம்மாவுக்கும் தேய்பிறை தெரிந்திருக்கும்" என்றார். நம் சென்னை மாகாணத்தில் அலுவல் பார்த்த எச். எஸ். தாமஸ் என்னும் ஆங்கிலேயர், இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873இலும், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887இலும் நூல்கள் வெளியிட்டார். துரைமார்களின் பொழுதுபோக்கு அது. இன்று கண்ணாடி இழையிலும் கரி இழையிலும் செய்த கோல்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவை எடை குறைந்தவை. ஆனால் அவற்றிலும் வளையங்கள் நூலால் சுற்றித்தான் கட்டப்படுகின்றன. ஐந்து நூற்றாண்டுகள் கடந்தும் கட்டுவதற்கு நூலைவிடச் சிறந்த ஒன்றை மனிதன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை போலும்.

அந்நாள்களில் நற்செய்தியின் ஒரு பகுதி எனக்குப் புதிதாய்த் திறந்தது. நான்கு நற்செய்திகளிலும் வலைகள் பல இடங்களில் வருகின்றன. தூண்டில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. மத்தேயு 17ஆம் அதிகாரத்தின் இறுதியில், கோவில் வரி கேட்டு வந்தபோது, கடலுக்குப் போய்த் தூண்டில் போடுமாறு பேதுருவை ஆண்டவர் அனுப்புகிறார். முதலில் அகப்படும் மீனின் வாயில் ஒரு நாணயம் இருக்கும். அது இருவருக்குமான வரி. பேதுரு வலைக்காரர். படகு நிறைய மீன் அள்ளியவர். அவரை ஒற்றைத் தூண்டிலோடு, ஒற்றை மீனுக்காக, கரையில் காத்திருக்கச் செய்தார் ஆண்டவர். வேண்டுமானால் ஒரு சொல்லில் அந்த நாணயத்தை வரவழைத்திருக்கலாம். அவரோ தமக்கும் சேர்த்துச் செலுத்த வேண்டியதைப் பேதுருவின் கையால் தேடச் செய்தார். எல்லாம் வல்லவரும் இன்னொரு கை வேண்டும் என்று கேட்டிருக்கிறார் என்றால், ஒரு கை விழுந்த என் தந்தையாரைச் சும்மா இருக்கச் சொன்ன நான் எவ்வளவு பெரிய அறிவாளி!

ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின், டிசம்பரில் கண்மாயில் நீர் நின்றது. பள்ளி இன்னும் திறக்கவில்லை. குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு, அப்பாவை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக் கரைக்கு அழைத்துச் சென்றோம். கரைமேல் நாற்காலி போட்டு அமர்ந்தார். பையன் கோலை வீசினான். வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு மயிலிறகுத் தக்கை ஒருமுறை அசைந்து, சாய்ந்து, சட்டென்று உள்ளே போயிற்று. கோல் வளைந்தது. முக்கால் சாண் கெண்டை ஒன்று வெள்ளிபோல் மின்னிக்கொண்டு கரையேறியது. பையன் கூவியபடி அதை ஐயாவின் மடியில் கொண்டுவந்து போட்டான்.

அப்பா மீனைப் பார்க்கவில்லை. கோலை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். நுனியிலிருந்து மூன்றாவது வளையம் சற்றே நகர்ந்திருந்தது. நூல் இழை விலகியிருந்தது. அந்த ஒரு கட்டு நான் போட்டது. ஒருநாள் அவர் களைத்திருந்தபோது, விரைவில் முடிந்தால் போதும் என்று இறுக்கம் பாராமல் நானே சுற்றிப் பசை பூசி வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

"இது உன் கட்டு" என்றார், என்னைப் பார்த்து. நான் ஒப்புக்கொண்டேன்.

2022ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அப்பா இறைவனடி சேர்ந்தார். அவர் செய்த மூன்று கோல்களும் இன்று என் மகனிடம் இருக்கின்றன. மழை பெய்த ஆண்டுகளில் அவை கண்மாய்க்குப் போய்வருகின்றன. பெட்டியை மட்டும் நான் என்னிடமே வைத்துக்கொண்டேன். யாரிடமேனும் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் ஒளித்து வைத்திருக்கும் நாள்களில், அது என் கண்ணில் படுகிறது. அன்று கண்மாய்க் கரையில் அப்பா கோலை என் கையில் கொடுத்துச் சொன்னதும் காதில் விழுகிறது. அவர் குரலில் கோபம் இல்லை. வேலை தெரிந்தவரின் பொறுமை இருந்தது.

"பரவாயில்லை. அவிழ்த்துக் கட்டு. நான் பிடித்துக்கொள்கிறேன்."